புற்றடிக் காளானும் மரத்தூள் பையும்

எங்கள் காளான் கூட்டம் தொடங்கியது ஒரு வாந்தியில். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2020 கார்த்திகையில், இரண்டு நாள் அடைமழை ஓய்ந்த காலையில், தம்பியின் மகன் விளையாட்டுத் திடலின் புல்லோரத்திலிருந்து ஒரு கூடை வெள்ளைக் காளான் பறித்து வந்தான். சோற்றுக் கோப்பை அகலத் தொப்பி, அதன்மேல் பழுப்புச் செதில், தண்டில் மோதிரம் போட்டதுபோல ஒரு வளையம். பார்க்க அவ்வளவு லட்சணம். நானே வெங்காயமும் மஞ்சளும் போட்டுச் சுண்டி இறக்கினேன். ஒரு மணிக்குச் சாப்பிட்டோம். மூன்று மணி ஆவதற்குள் மூன்று பேர் கிணற்றடியில் குந்திக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள்.

கறியில் பத்துப் பல் உள்ளி போட்டிருந்தேன். நஞ்சுக் காளான் என்றால் உள்ளி கறுக்கும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு பல்கூடக் கறுக்கவில்லை. வெள்ளிக் காசு போட்டுப் பார்ப்பது, அரிசி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, புழு அரித்திருந்தால் மனுசரும் தின்னலாம் என்பது எல்லாம் இதே கதைதான். நத்தையும் புழுவும் கொடிய நஞ்சுக் காளானைத் தின்றுவிட்டுச் சுகமாக ஊர்ந்து போகும்.

நாங்கள் தின்றது குளோரோபிலம் மொலிப்டைட்டிஸ் என்று பிறகு அறிந்தேன். வெப்ப நாடுகளில் புல்தரையில் மழைக்குப் பின் முளைப்பது; ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டிவிடும். விரைவாகப் புரட்டியது எங்கள் அதிர்ஷ்டம். அமானிட்டா குடும்பத்தின் கொலைகாரக் காளான்கள் ஆறு மணி நேரத்துக்கு மேல், சிலவேளை ஒரு நாள்கூட, ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு வயிற்றோட்டம் வரும், அது தணிந்ததுபோலவும் தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே காளான் சாப்பிட்டபின் எந்த நேரத்தில் வயிறு குழம்பினாலும், இலங்கையில் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மிச்சக் காளானையும், சமைக்காத துண்டு கிடந்தால் அதையும் கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனோம். என்ன தின்றீர்கள் என்று டொக்டர் கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை.

அடுத்த கிழமை எங்கள் முற்றத்தில் கூடியவர்கள் ஒன்பது பேர். நலம் விசாரிக்க வந்தவர்கள் காளான் கதை பேசி, அதுவே கூட்டமாயிற்று. எங்கள் ஊரான கந்தளாயில் எதைப் பேசினாலும் மூன்று வீட்டுக் கதை சேரும். பக்கத்து வீட்டு மாமி வைத்திருந்தது புற்றுக் காளான் ஞானம். பேராற்றிலிருந்து வந்த ராத்தாவுக்கு வைக்கோல் போரில் முளைப்பது தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள ஆச்சி எல்லாவற்றையும் 'பிம்மல்' என்றார். பிம என்றால் நிலம், மல் என்றால் பூ. நிலத்தில் பூக்கும் பூ! நாங்கள் தின்னக்கூடாததை நாய்க்குடை என்று நாயின் தலையில் கட்டியிருக்கிறோம். அவர்கள் பூ என்கிறார்கள். பெயர் எதுவானாலும், ஒவ்வொருவரும் நிச்சயமாய் அறிந்தது இரண்டு மூன்று வகைதான். அந்த இரண்டு மூன்றை மட்டும் பறிப்பது என்று அன்றே முடிவானது. இன்றுவரை எங்கள் காட்டுப் பட்டியலில் மூன்றே பெயர்கள்.

அன்று பழகியது ஒரு சின்ன வேலை. மீன் வாங்கும்போது பூவை, அதாவது செவுளை, தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டோம். காளானை மட்டும் யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. முற்றிய தொப்பியைத் தண்டிலிருந்து வெட்டி, அடி மடிப்புகள் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளைத் தாளும் பாதி கறுப்புத் தாளும் சேர்ந்த இடத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கோப்பையை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் வித்தித் தூள் கோலம் போட்டதுபோலப் படிந்திருக்கும். புற்றுக் காளானும் வைக்கோல் காளானும் இளஞ்சிவப்புச் சாயலில் படியும். அமானிட்டாவுக்கு வெள்ளை. அந்தத் திடலுக்குத் திரும்பிப் போய் எடுத்துவந்த காளான் ஒன்றை நான் இப்படிக் கவிழ்த்தேன். விடிந்து பார்த்தால் தாளில் பாசிப் பச்சை. அந்தத் தாள் இன்னும் என் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. ஆனால் தூளின் நிறம் ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல. இளஞ்சிவப்பாய்த் தூவும் நஞ்சுக் காளான்களும் உண்டு.

வைக்கோல் காளானில்தான் எனக்குப் பயம் அதிகம். அதை முட்டைப் பருவத்தில் பறிப்பார்கள். அமானிட்டாவும் சின்னதில் முட்டைதான். 2012 புதுவருடத்தை ஒட்டி அவுஸ்திரேலியாவின் கன்பராவில் இரண்டு பேர் செத்ததும் இப்படியான நஞ்சுக் காளானால்தான். ஆசிய நாடுகளிலிருந்து போனவர்கள் அங்குள்ளதை ஊர் வைக்கோல் காளான் என்று நம்பி ஏமாறுவது பலமுறை நடந்திருக்கிறது. ஊர் கண் வேற்றூரில் பொய் சொல்லும். ராத்தா தன் வயலின் வைக்கோலில் வருவதைத் தவிர வேறு எங்கே முட்டையைக் கண்டாலும் தொடுவதில்லை.

புற்றுக் காளான் கதை வேறு. ஐப்பசியில் முதல் இடிமழை விழுந்து மூன்று நாலு நாளில், புற்றின் அடிவாரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பது மாமியின் உறுதி. நான் சிரித்திருக்கிறேன். பிறகு ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் காளான் கட்டைகளுக்கு மின்னதிர்வு கொடுத்து விளைச்சலைக் கூட்டிய செய்தியைப் படித்து வாயை மூடிக்கொண்டேன். தொப்பியின் நடுவில் ஈட்டி முனைபோல ஒரு கூர். தண்டு மண்ணுக்குள் வேர்போல ஒடுங்கி, சிலவேளை ஒரு முழம் வரை நீளும். அமானிட்டாவுக்குப் போல அடியில் பை இல்லை. அந்த வேரின் கடைசி நுனி கறையானின் கூட்டில் முடிகிறது. ஆயிரக்கணக்காய் வெள்ளையாய் விரியும் சின்னச் சாதிக்கு மட்டும் இந்த நீள் வேர் இராது. கறையான் வெளியே கொண்டுவந்து போட்ட கூட்டுத் துணுக்குகளில் அது முளைக்கிறது.

"புத்தைக் கிண்டாத புள்ள, கையால ஆட்டி எடு, வேர் அறுந்தா அறுந்து கிடக்கட்டும்" என்பார் மாமி. பால் வைத்துக் கும்பிடுகிற இடம், உள்ளே பாம்பு இருக்கும் என்பது அவர் காரணம். பாம்பு இருக்கத்தான் செய்யும், கையை உள்ளே விடாதீர்கள். ஆனால் கிண்டாமல் விட்ட புற்றில்தான் அடுத்த வருடமும் காளான் வருகிறது. குளக்கட்டுப் புற்று மட்டும் விதிவிலக்கு. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைத்ததைப் பார்த்தவர்களுக்குக் கட்டில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அங்கே புற்று வளர விடமாட்டார்கள்.

இன்னொன்று யானை. காளான் விடியலில் விரியும்; அந்நேரம் யானை காட்டுக்குத் திரும்பும் நேரமும்கூட. காட்டோரம் போவதென்றால் வெளிச்சம் வந்தபின், நாலு பேராக, பேசிக்கொண்டு போவோம். சரணாலய எல்லைக்குள் காலே வைப்பதில்லை.

எல்லோரும் கேட்கும் கேள்வி, இந்தப் புற்றுக் காளானையே வீட்டில் வளர்த்தால் என்ன? முடியாது. அதை வளர்ப்பது கறையான். பேராதனைப் பூங்காவில் 1905 முதல் பூஞ்சண ஆராய்ச்சியாளராக இருந்த டொம் பெட்ச் என்ற ஆங்கிலேயர், அடுத்த ஆண்டே இலங்கைக் கறையான் கூடுகளின் பூஞ்சணங்களைப் பற்றி நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். கறையான் மரத்தையும் சருகையும் தின்று, கழித்து, அந்தக் கழிவில் கடற்பஞ்சுபோல ஒரு பாத்தி கட்டுகிறது. அதில் இந்தப் பூஞ்சணம் வளர்கிறது. குஞ்சுகளுக்கு அதுதான் சோறு. கூட்டுக்குள் ஏறக்குறைய ஒரே சூடு, ஒரே ஈரம், வேறு பூஞ்சணம் எட்டிப் பார்க்க இடமில்லை. கறையான் கைவிட்ட பாத்தியில் சில நாளில் சைலேரியா என்ற வேறொன்று கறுப்புக் குச்சிகளாய்க் கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

இதைப் படித்த காலத்தில், சிப்பிக் காளான் வளர்க்க நாங்கள் கட்டிய மரத்தூள் பைகளில் பச்சைப் பூஞ்சணம் பூத்துக்கிடந்தது. விளங்கிவிட்டது: எங்கள் கொட்டில் கறையான் இல்லாத புற்று.

2022, பொருளாதார நெருக்கடி. காஸ் சிலிண்டருக்கு வரிசை, மீன் விலை கேட்கவே பயம். அப்போதுதான் வளர்ப்பில் இறங்கினோம். கூட்டத்தில் ஒருத்தி கன்னொறுவை விவசாய நிலையத்தில் பயிற்சி எடுத்திருந்தாள். அளவு அவள் கொண்டுவந்தது: மரத்தூள் 10 கிலோ, தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், சோயா அல்லது பயறு மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. வெப்பம் தாங்கும் பையில் இறுக்கி, வாய்க்கு பிளாஸ்டிக் குழாய் வளையம் கோத்து, பஞ்சடைத்து, பரலில் நீராவியில் வேகவைத்து, ஆறியபின் வித்திட வேண்டும். காஸ் எங்கே இருந்தது? விறகுதான்.

முதல் தடவை 40 பை கட்டினோம். 31 பச்சை.

மரத்தூளில் தொடங்கியது பிழை. இங்கே மர ஆலைகளில் கிடைப்பது பெரும்பாலும் தேக்கு, முதிரை. பூஞ்சணமும் கறையானும் அரிக்காத மரம் என்றுதானே கதவுக்கும் நிலைக்கும் அதைத் தேடுகிறோம்? அதிலேயே பூஞ்சணத்தை வளர்க்கப் பார்த்தோம். றப்பர், மா போன்ற மென்மரத் தூள்தான் வேண்டும். குருநாகல் பக்கம் போகும் லொறிக்காரரிடம் சொல்லி வைத்து எடுப்பிக்கிறோம். இரண்டாவது பிழை ராத்தாவுடையது. "சாப்பாடு கூடினாத்தானே புள்ள வளரும்" என்று தவிட்டை இரட்டிப்பாக்கியிருந்தார். தவிடு கூடினால் களைப் பூஞ்சணத்துக்குத்தான் விருந்து. மூன்றாவது என்னுடையது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் நேரம் எண்ணினேன். பரல் மூடியின் ஓட்டையால் நீராவி சீறி வரத் தொடங்கியபின்தான் எண்ண வேண்டும், அதிலிருந்து முழுசாக மூன்று மணி. இடையில் தீ அணைந்தால் முதலிலிருந்து. பஞ்சு நனைந்திருந்தால் மாற்றுங்கள். பச்சை கண்ட பையைக் கொட்டிலுக்குள் பிரித்துப் பார்க்காதீர்கள்; ஒரு பை பிரித்தால் பத்துப் பைக்குத் தூள் பறக்கும்.

வித்திடும்போது மின்விசிறி ஓடக் கூடாது, கதை பேசக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இரண்டாவதுதான் முடியாத காரியம். வாயில் மாஸ்க் கட்டிய பிறகு பச்சை பாதியாகக் குறைந்தது.

பை வெண்மையாக ஐந்தாறு கிழமை. பிறகு கீறிவிட்டு, நாளைக்கு மூன்று தரம் புகைபோலத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பைக்குள் தண்ணீர் தேங்கினால் அழுகும். நல்ல பையில் எல்லா அறுவடையும் சேர்த்து 300 கிராம் போல எடுக்கிறோம். சிப்பிக் காளானின் ஓரம் கீழே வளைந்திருக்கும்போதே பறியுங்கள். நிமிர விட்டால் தூள் சொரியும், மூடிய கொட்டிலில் அது நெஞ்சைப் பிடிக்கும். ஆச்சி ஒரு மாதம் இருமியது தடிமனால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாரியில் வந்த விளைச்சல் கச்சான் காற்றில் நின்றுவிட்டது. மே தொடங்கி ஆவணி வரை இங்கே நிழலிலும் 35 பாகை. கிடுகுக் கூரை, ஈரச் சாக்கு, தரையில் மணல் நனைத்தது எல்லாம் செய்தும் சிப்பிக் காளான் மொட்டிலேயே கருகியது. வெயிலோடு சண்டை பிடிக்காமல் பால்காளானுக்கு மாறியதுதான் நாங்கள் செய்த கெட்டிக்காரத்தனம். வங்கத்தில் 1974 இல் விபரிக்கப்பட்ட இந்தக் காளானை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998 இல் ஏ.பி.கே. 2 என்ற இரகமாக வெளியிட்டது. ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டை. அந்த வெயிலுக்குப் பழகியதென்றால் கந்தளாய் வெயில் என்ன பெரிசு? 30 பாகைக்கு மேலே அதற்குச் சந்தோசம். மரத்தூளும் தேவையில்லை, எங்கள் ஊரில் மலையாய்க் கிடக்கும் வைக்கோல் போதும். இரண்டு அங்குலமாய் நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் அவித்து, அடுக்கடுக்காய் வித்திட்டு மூன்று கிழமை இருட்டில் வையுங்கள். பிறகு பையைப் பாதியாய் வெட்டி, அவித்த மண்ணை இரண்டு சென்றிமீற்றர் மேலே போட வேண்டும். இந்த மண் இல்லாவிட்டால் அது முளைக்கவே முளைக்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் வெள்ளைத் தண்டு வரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே இரண்டு மூன்று நாள் தாங்கும். சிப்பிக் காளான் பின்னேரமே சோர்ந்துவிடும்.

ருசியில் புற்றுக் காளானுக்குப் பக்கத்தில் எதுவும் வராது என்பது என் கட்சி. மூன்று நாலு தண்ணீரில் மண் போகக் கழுவி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கடைசியில் கட்டிப் பால். வேறு ஒன்றும் வேண்டாம். பால்காளான் கொஞ்சம் இறைச்சிச் சாடை. மிளகுப் பிரட்டலுக்கு நல்லது. எதுவானாலும் முதல் தடவை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள், நல்ல காளானும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பச்சையாய் யாரும் தின்ன வேண்டாம்.

விளைந்து ஓய்ந்த பைகளை உடைத்து வேலியோரம் கொட்டிவந்தோம். பூஞ்சணம் பாதி தின்ற மரத்தூள் கத்தரிக்கு நல்ல உரம். போன வருடம் அந்தக் குவியலில் கறையான் ஏறியது. மகன் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு போனான். மாமி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போட்ட சத்தத்தில் திரும்பி வந்துவிட்டான். இப்போது புற்று முழங்கால் உயரம். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன், அதன் அடியில் ஒரு சிரட்டையில் பால் இருந்தது. ஐப்பசி வர இன்னும் ஆறு கிழமை.