குட்டிப் பென்சில்

அன்புள்ள தம்பி,

போன வாரம் உன் ஒத்திகையைப் பார்த்தேன். சீட்டை உள்ளங்கையில் மறைக்கும்போது கட்டைவிரல் இன்னும் விறைக்கிறது. அது பழகப் பழகச் சரியாகிவிடும். எனக்குக் கவலை தந்தது வேறு. 'நவ் யூ சீ மீ' மாதிரி ஒரு ஷோ போடவேண்டும், அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தேன் என்றாயே, அதுதான். உன் வயதுப் பிள்ளைகள் பலரும் இதையே சொல்வதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

2013இல் வந்த அந்தப் படம் விறுவிறுப்பானதுதான். ஆனால் சோப்புக் குமிழிக்குள் ஒரு பெண் அரங்கத்துக்கு மேலே மிதக்கிறாளே, அந்தக் குமிழி கணினி வரைந்தது. 2016இல் வந்த இரண்டாம் பாகத்தில் காவலர்கள் சோதனை போடும்போது ஒரு சீட்டு ஆளுக்கு ஆள் பறக்கிறது. படத்தொகுப்பும் கணினியும் இல்லாமல் அந்தச் சீட்டு அப்படிப் பறக்காது. நம் ஊர்ச் செப்படிவித்தைக்காரரை நினைத்துப் பார். மண்ணில் ஒரு துணி, நாலு செப்பு, சில உருண்டைகள், முதுகுக்குப் பின்னாலும் ஆட்கள். அவருக்கு 'கட்' சொல்ல யாருமில்லை.

இந்த 'கட்'டைச் சினிமாவில் வித்தையாக்கியவர்களில் ஒருவர் நம் மேஜிக் தொழிலிலிருந்து போனவர்தான். ஜார்ஜ் மெலியே 1888இல் பாரிஸின் ராபர்-ஊதன் அரங்கை வாங்கி மேஜிக் நடத்தியவர். 1896இல் கேமராவை நிறுத்தி, நாற்காலியில் இருந்த பெண்ணை எழுப்பி அனுப்பிவிட்டு, மறுபடி ஓடவிட்டார். பெண் மறைந்துபோனாள். அழகான சினிமா அது. ஆனால் அதைப் பார்த்து நீயும் நானும் கையால் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

2006இல் வந்த 'தி இல்யூஷனிஸ்ட்' படத்தையும் அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். அதில் மேடையில் வளரும் ஆரஞ்சு மரத்தின் மூலம், மேலே சொன்ன அரங்குக்குப் பெயர் தந்த வித்தைக்காரர் ராபர்-ஊதனுடையது. அவர் கடிகாரக்காரர். இயந்திர நுட்பத்தால் இலைகளுக்கு நடுவே பூவும் பழமும் வரவைத்தார். நிஜ ஆரஞ்சுகளைப் பறித்துச் சபைக்குக் கொடுத்தார். உச்சிப் பழம் பிளந்து, இரண்டு பட்டாம்பூச்சிகள் இரவல் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டின. படமோ அந்த உழைப்பைக் கணினிக்குக் கொடுத்துவிட்டது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

அதே ஆண்டு வந்த 'தி பிரெஸ்டீஜ்' நல்ல படம், ஆனால் தவறான காரணத்துக்காகக் கொண்டாடப்படுகிறது. ஒரு வித்தைக்கு மூன்று பகுதிகள் என்று அதில் சொல்வதை நீயும் பழைய மரபாக ஒப்பித்தாய். அது பழைய மரபல்ல. 'பிரெஸ்டீஜ்' என்ற பெயரே மூலநாவலை எழுதிய கிறிஸ்டோபர் பிரீஸ்ட் உண்டாக்கியது. படத்தின் உயிர், கடைசித் திருப்பத்தில் இல்லை. கனமான மீன்தொட்டியை அங்கிக்குள் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி வைக்கும் சுங் லிங் சூ என்ற வித்தைக்காரர், அந்த ரகசியத்தைக் காக்கத் தெருவிலும் தள்ளாடி நடக்கிறாரே, அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. நிஜத்தில் அந்தத் தொட்டி வித்தைக்குப் பேர்போனவர் சிங் லிங் ஃபூ. சூ என்பவர் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். சீனராகவே வேடம் காத்தவர், 1918இல் லண்டன் மேடையில் துப்பாக்கிக் குண்டு பிடிக்கும் வித்தையில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். 

1953இல் வந்த 'ஹுடினி' படத்தையும் நம்பாதே. வித்தைக்காரர் ஹுடினி தண்ணீர்த் தொட்டிக்குள் சாகவில்லை. 1926இல் டெட்ராய்ட் மருத்துவமனையில், குடல்வால் வெடித்ததால் இறந்தார்.

நீ பார்க்கவேண்டியது, சில்வான் ஷோமே 2010இல் எடுத்த பிரெஞ்சு அனிமேஷன், 'லில்யூஷனிஸ்த்'. ழாக் தாத்தி எழுதிவைத்துப் படமாக்காமல் விட்ட கதை. பேச்சு மிகக் குறைவு. 1950களின் இறுதி. ராக் இசை வந்து கிழ வித்தைக்காரரின் மேடைகளைப் பிடுங்கிக்கொள்கிறது. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் ஒரு ஏழைப்பெண், அவருடைய வித்தை நிஜம் என்றே நம்பிக் கூட வந்துவிடுகிறாள். சப்பாத்து, கோட்டு என்று அவள் ஆசைப்பட்டதெல்லாம் 'தோன்றுகின்றன'. அவற்றுக்கான பணத்துக்கு அவர் ராத்திரியில் கார் கொட்டகையில் வேலை செய்கிறார். கடைசியில் முயலையும் மலைமேல் விட்டுவிட்டு ரயில் ஏறுகிறார். எதிரே இருக்கும் குழந்தையின் தேய்ந்த பென்சில் கீழே விழுகிறது. அவரிடம் அதேபோல நீளமான பென்சில் ஒன்று உண்டு. மாற்றிக் கொடுக்க அவருக்கு ஒரு விநாடி போதும், குழந்தையும் வாய்பிளக்கும். ஆனால் அவளுடைய குட்டிப் பென்சிலையே திருப்பிக் கொடுக்கிறார். வித்தை செய்யாமல் இருந்த ஒரு கையை இவ்வளவு அருகில் காட்டிய வேறு படம் நான் பார்த்ததில்லை.

அடுத்து, சீட்டு வித்தைக்காரர் ரிக்கி ஜே பற்றிய 2012 ஆவணப்படம். சீட்டை வீசித் தர்பூசணியில் குத்தியவர். மேலே சொன்ன 2006 படங்கள் இரண்டுக்கும் ஆலோசகர். ஆனால் அங்கே அவர் அதிகம் பேசுவது தாத்தா மாக்ஸ் காட்ஸைப் பற்றியும், டாய் வெர்னன், சார்லி மில்லர் ஆகிய ஆசான்களைப் பற்றியும்தான். முதல்முறை சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் விரல்களை மட்டும் பார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஷோமே படத்தைச் சேர்ந்தே பார்க்கலாம். சீட்டுக்கட்டையும் எடுத்து வா, படம் முடிந்ததும் அந்தக் கட்டைவிரலைக் கவனிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்