இருசக்கர ஊர்தி பேணல்: ஓர் அறிமுகப் பாடம்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று, பட்டறையிலும் வாழ்வது. சங்க நூல்களில் கைவினைஞரைக் குறித்த ‘கம்மியர்’ என்னும் சொல், இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனக் கம்மியர் என்று புத்துயிர் பெற்று வழங்குகிறது. அத்தொழிலின் அடிப்படையைத் தமிழில் கற்பதும் தமிழ்த்தொண்டே.

பிறிதொரு காரணமும் உண்டு. நம் மாணவர் பலர் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் இருசக்கர ஊர்தியிலேயே கல்லூரிக்கு வருகின்றனர். சங்கிலி தளர்ந்த வண்டியும், தேய்ந்த பிரேக்கும், வழவழத்த டயரும் அவர்கள் உயிரோடு விளையாடுவன. நாம் கற்கவேண்டியவற்றை மூன்று கூறாக இங்குக் காண்போம்: எந்திரம் இயங்கும் முறை, நாள்தோறும் கிழமைதோறும் செய்யவேண்டிய பேணல், பழுது நேர்ந்தால் காரணம் காணும் வழி.

எந்திரம் இயங்கும் முறை

ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876 ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எந்திரத்தை வெற்றியுற இயக்கிக் காட்டினார். 1885 இல் டைம்லர், மேபாக் என்னும் இருவர் மரச்சட்டத்தில் பெட்ரோல் எந்திரம் ஒன்றைப் பொருத்தி இருசக்கர ஊர்தியை உருவாக்கினர். நம் நாட்டில் 1985 இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, சிக்கனமான நான்கு வீச்சு வண்டியை எளிய குடும்பங்களுக்கும் அறிமுகம் செய்தது. இன்று நம் சாலைகளில் மிகுதியாக ஓடும் 100, 125 சி.சி. வண்டிகள் அவ்வழி வந்தவையே.

உருளைக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருதல் உறிஞ்சல். பிஸ்டன் மேலேறி அக்கலவையை நெருக்குதல் அமுக்கல். பிளக்கின் பொறியால் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுதல் ஆற்றல் வீச்சு. மீண்டும் பிஸ்டன் மேலேறி எரிந்த புகையை வெளியே தள்ளுதல் வெளியேற்றம். இவற்றிலிருந்து நாம் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றே. எந்திரம் ஓட வேண்டுமாயின் பெட்ரோல், காற்று, பொறி, அமுக்கம் என்னும் நான்கும் உரிய அளவில் உரிய வேளையில் அமைதல் வேண்டும். எந்திரம் உயிர்பெற மறுக்கும்போது இந்நான்கனுள் ஒன்று குறைந்துள்ளது என்பது தெளிவு.

நாள்தோறும் காண வேண்டியவை

டயர்: காற்றழுத்தத்தை வண்டி ஓடாது குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும், ஓடிச் சூடேறிய டயர் கூடுதல் அளவைக் காட்டி ஏமாற்றும். பல 100 சி.சி. வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் 25 பவுண்டு அளவிலும், பின்சக்கரத்தில் தனியொருவர் செல்கையில் 28 பவுண்டு அளவிலும் காற்று வேண்டும். பின்னே ஒருவர் அமர்ந்தால் பின்சக்கரத்துக்கு மேலும் சில பவுண்டு தேவை. தம் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் கண்டு கொள்க. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடாக அமைந்த தேய்மானக் குறியோடு மேற்பரப்பு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. மழைநீரை வெளித்தள்ளப் பள்ளம் இல்லாத டயர், ஈரச் சாலையில் பிடிப்பை இழந்து வழுக்கும்.

பிரேக்: டிரம் பிரேக்கின் மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெற்றசைவு இருத்தல் பொதுவழக்கு. அதற்கு மேற்பட்டால் பின்சக்கரத்தருகே உள்ள திருகியை இறுக்கிச் சரிசெய்யலாம். பிரேக்கை அழுத்தும்போது டிரம்மின் வெளிப்புறத்து அம்புக்குறி எல்லைக்கோட்டைத் தொடுமாயின் ‘ஷூ’ தேய்ந்துவிட்டது. அதன்பின் திருகியை இறுக்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் திரவத்தின் மட்டத்தைச் சிறு கண்ணாடி வழியே காண்க. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆதலால் பெரும்பாலான கையேடுகள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு கூறுகின்றன. டிஸ்க்கின்மீதோ ‘ஷூ’வின்மீதோ ஒரு துளி எண்ணெயும் படலாகாது. பிரேக்கினுள் படிந்த தூசியை வாயால் ஊதுதல் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தலே தக்கது.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு அறிவுறுத்தும் நபிமொழியை நாம் அறிவோம். பிரேக்கைச் சரிபார்க்காமல் ‘பிஸ்மில்லாஹ்’ கூறிப் புறப்படுவோர் அதன் முற்பாதியை மறந்தவராவர்.

கிழமைதோறும் செய்ய வேண்டியவை

சங்கிலி: சங்கிலியின் கீழ்ப்பகுதியின் நடுவிடத்தை விரலால் மேலும் கீழும் அசைத்தால், சிறு வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்தல் வேண்டும். அச்சின் நட்டைத் தளர்த்தியபின் இருபுறத்துத் திருகிகளையும் சம அளவில் திருப்புக. இருபுறக் குறிகளும் ஒத்திராவிடில் சக்கரம் கோணலாக நிற்கும். பின் அச்சின் நட்டை உரிய வலிமையோடு முடுக்குக. சக்கரம் பின்னோக்கி நகர்ந்திருப்பதால் பின்பிரேக்கின் வெற்றசைவும் மாறியிருக்கும். அதனையும் மீண்டும் சரிபார்த்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகின்றனர்.

சங்கிலியை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தூய்மை செய்து, உலர்த்தி, கியர் எண்ணெயோ சங்கிலிக்கென விற்கும் எண்ணெயோ இடுக. இங்கே ஓர் எச்சரிக்கை: எந்திரத்தை ஓடவிட்டு, கியரில் வைத்து, சுழலும் சங்கிலியைத் துணியால் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. துணி பற்களில் சிக்கிய நொடியில் விரல்களும் உடன் செல்லும். எந்திரத்தை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கையாலேயே சக்கரத்தைச் சுற்றுக. சில நிமிடச் சோம்பலுக்கு விரல்களை விலையாகக் கொடுத்தல் பெரும்பேதைமை.

எந்திர எண்ணெய்: வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் கீழிறங்கச் சற்றுப் பொறுத்தபின் அளவுகோலைத் துடைத்து இட்டுப் பார்க்க. மட்டம் இரு கோடுகளுக்கு இடையில் இருத்தல் வேண்டும். குறைந்தால் தேய்மானம், மிகுந்தாலும் தீங்கே. கையேடு கூறும் தரத்து எண்ணெயையே ஊற்றுக. கியர் வண்டிகளின் கிளட்ச் எந்திர எண்ணெயிலேயே மூழ்கியிருப்பது. காருக்குரிய சில எண்ணெய்களில் உள்ள வழுக்குப் பொருள் கிளட்சை நழுவச் செய்யும். மாற்றியெடுத்த கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையில் சேர்ப்பித்தல் நம் கடமை. நீர்நிலை எவர் ஒருவரின் உடைமையும் அன்று.

காற்று வடிகட்டி: புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது விரைவில் அடைபடும். அடைபட்டால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும், கரும்புகை வரும், மைலேஜ் வீழும். பஞ்சு வகையைக் கழுவி எண்ணெயிட்டுப் பிழிந்து பொருத்தலாம். தாள் வகையைத் தட்டித் தூசியகற்றலாம். எண்ணெய்ப் பசையேற்றிய தாள் வகையாயின் தூய்மை செய்ய முயலாது மாற்றுதலே முறை.

பிளக் கூறும் செய்தி

பிளக்கின் நுனி எந்திரத்தின் நாவைப் போன்றது. மருத்துவர் நாவைக் கண்டு நோயறிவது போல் நாம் நுனியைக் கண்டு நிலையறியலாம். இளம்பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது வடிகட்டியில் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வு அடைப்பான்களோ தேய்ந்து எண்ணெய் உருளைக்குள் கசிகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது மிகு வெப்பம்.

எந்திரம் ஆறியபின்னரே பிளக்கைக் கழற்றுக. மீண்டும் பொருத்தும்போது முதலில் கையாலேயே திருகுக. உருளைத் தலை அலுமினியத்தாலானது; கோணலாக நுழைந்த பிளக்கை ஸ்பேனரால் வலிந்து முடுக்கினால் மரை அழியும். சில ரூபாய்ப் பிளக்கைப் பொருத்தப்போய்ச் சில ஆயிரம் ரூபாய் உருளைத் தலையை இழத்தல் பட்டறைகளில் நாள்தோறும் காணும் காட்சி.

பழுதின் காரணம் காணல்

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பின்னரே பிழையாது செய்யுமாறு மருத்துவனுக்கு வழிகாட்டுகிறார். வண்டி மருத்துவத்துக்கும் அவ்வரிசையே பொருந்தும். நின்றுபோன வண்டியைக் கண்டவுடன் கார்புரேட்டரைக் கழற்றுபவர் அவ்வரிசையைத் தலைகீழாக்குபவர். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதலே முறை.

முதற்படி, கருவி தொடாது காணல். எந்திரத்தை அணைக்கும் பொத்தான் அணைநிலையில் உள்ளதா? பெட்ரோல் குழாய் திறந்துள்ளதா? தொட்டியில் பெட்ரோல் உண்டா? பக்கவாட்டுத் தாங்கி இறங்கியிருந்தால் எந்திரத்தை இயங்கவிடாத அமைப்பு புதிய வண்டிகள் பலவற்றில் உள்ளது, அது மேலேறியுள்ளதா?

இரண்டாம் படி, பெட்ரோல். கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிதிருகியைத் தளர்த்தினால் பெட்ரோல் வருதல் வேண்டும். வராவிடில் அடைப்பு. வருவதில் நீர்த்துளி தெரிந்தால் அதுவே காரணம். இன்று எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாக விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. ஆதலின் மாதக்கணக்கில் ஓடாது நிற்கும் வண்டியில் இத்தொல்லை மிகும்.

மூன்றாம் படி, பொறி. பிளக்கைக் கழற்றி அதன் மூடியில் செருகி, உலோகப் பகுதி எந்திரத்தின்மீது நன்கு படுமாறு வைத்து, பிளக் துளையிலிருந்து விலக்கிக் கிக்கரை உதைத்தால் நீலப்பொறி தோன்ற வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து உலர்த்திய பின்னரே இதனைச் செய்க. பொறி இல்லையாயின் புதிய பிளக்கை இட்டுப் பார்க்க. மழையில் நனைந்த வண்டியாயின் மூடியினுள் தேங்கிய நீரைத் துடைக்க.

நான்காம் படி, அமுக்கம். கிக்கரை உதைக்கையில் எதிர்ப்பே இல்லாது கால் வழுக்கிச் சென்றால் வால்விலோ வளையத்திலோ கேடு உண்டு. இது தேர்ந்த கம்மியர்க்குரிய பணி.

ஓர் எடுத்துக்காட்டு. வண்டி சில கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது, பின் திணறி நிற்கிறது, சற்று நேரங்கழித்துத் தானே உயிர்பெறுகிறது, மீண்டும் நிற்கிறது. பொறியில் குறையென்று கருதிப் பிளக்கை மாற்றியும் பயனில்லை. நின்ற இடத்திலேயே தொட்டியின் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகுந்து, உடனே வண்டி ஓடுமாயின் காரணம் விளங்கிவிட்டது. மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டதால் தொட்டியில் வெற்றிடம் தோன்றிப் பெட்ரோல் இறங்கவில்லை. மெல்லிய கம்பியால் தீரும் பழுது அது. காரணம் காணாதவரோ கார்புரேட்டர் முழுவதையும் மாற்றியிருப்பர்.

புதிய வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதிகளால் கார்புரேட்டர் நீங்கி, பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு பரவியது. இவ்வண்டிகளில் சாவியைத் திருப்பியவுடன் பம்ப் சில நொடி மெல்ல ஒலிக்கும். ஒலி இல்லையாயின் ஃபியூஸையும் பேட்டரியையும் முதலில் பார்க்க. பம்ப் முதல் எந்திரம் வரையுள்ள குழாயில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால் அதனை வீட்டில் கழற்றலாகாது. பேட்டரியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலிலும், பொருத்துகையில் நேர்முனையை முதலிலும் கொள்க. டயர், பிரேக், சங்கிலி, எண்ணெய் ஆகியவற்றின் பேணலில் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடில்லை.

நிறைவுரை

மூடிய அறைக்குள் எந்திரத்தை ஓடவிடாதிருத்தல் வேண்டும்; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைக் கவரும். திருப்புளி, ரிங் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், குறடு, காற்றழுத்தமானி, பழந்துணி ஆகியன வீட்டுக் கம்மியர்க்குப் போதும். கிளட்ச், வால்வு, கியர், பிரேக் திரவக் குழாய் ஆகியவற்றைத் தேர்ந்தவரிடமே ஒப்படைக்க. ஆயினும் அவரிடம் செல்லும்போது, ‘வண்டி சரியில்லை’ என்று மட்டும் கூறாது, எப்போது, எந்த வேகத்தில், எத்தகைய ஒலியோடு, சூடேறிய பின்னா முன்னா என்று தெளிவாகச் சொல்லக் கற்றிருப்போமாயின் அவருடைய நேரமும் நம் பொருளும் மிஞ்சும். உற்றதைக் கூர்ந்து நோக்கிப் பிறர்க்கு விளங்கச் சொல்லும் அப்பயிற்சியையே மொழிப்பாடமும் நமக்குத் தருகிறது.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுதலும் இறைநம்பிக்கையின் ஒரு கிளை என்பது நாம் அறிந்த நபிமொழி. பிரேக் பிடிக்காத வண்டியும் பாதையிலுள்ள இடையூறே. அது நம்மோடு நில்லாது, எதிரே நடந்துவரும் முதியவரையும் பள்ளி செல்லும் சிறுவனையும் தாக்க வல்லது. கிழமைக்கு அரைமணி நேரத்தை வண்டிக்கு ஒதுக்குவோம்.