வான்கூடும் எந்திரமும்
(கண்டக்குழியிலிருந்து ஒரு பழைய மாணவர்)

விழா மலருக்கு விஞ்ஞானப் பொருளொன்றில் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது யான் கண்டக்குழிக் கரையில் இருந்தேன். கற்பிட்டித் தீபகற்பத்தைச் சேர்ந்த இச்சிற்றூரைக் காற்றின் ஊர் எனலாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று ஓயாது வீசும். முன்னாளில் மீனவர் மாத்திரம் அறிந்திருந்த இக்காற்றை நாடி இப்பொழுது பிறநாட்டார் வந்து, பெரும் பட்டங்களைப் பிடித்துக்கொண்டு களப்பு நீரின்மேற் பாய்ந்து விளையாடுகின்றனர். பட்டத்தைத் தூக்கும் அதே விசைதான் ஆகாயவிமானத்தையும் தூக்குகின்றது. இதனை விளக்கிக்கொண்டிருந்த வேளையில் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா விடுத்தான். இந்தியா சொந்தமாகப் போர் விமானம் செய்கின்றது, செய்மதியை விண்ணில் ஏற்றும் றொக்கெற்றும் செய்கின்றது. அவ்வாறாயின் விமானத்தின் எந்திரத்தை மாத்திரம் ஏன் அமெரிக்காவிடம் வாங்குகின்றது என்பது அவன் வினா. அன்று அரைகுறையாக விடை சொன்னேன். இக்கட்டுரை அவ்விடையின் மீதிப் பகுதி எனக் கொள்க.

முதலில் எம்மூர்க் கதையொன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புத்தளத்தை அடுத்த பாலாவியில் பிரித்தானியக் கடற்படை ஒரு விமான நிலையத்தை அமைத்தது. அதற்கு இட்ட பெயர் ‘இராஜாலிய’ என்பது. எமது ‘இராசாளி’ என்ற சொல்லையும் அதனையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால், பறவை எம்மொழியில் பறந்தாலும் அதுவே என்பது புலப்படும். அங்கே அமெரிக்கத் தயாரிப்பான கோர்செயர் விமானங்களை யானைகள் சங்கிலியிட்டு இழுத்துச் சென்றன. அக்காட்சியின் புகைப்படங்கள் இன்றும் உள. ஒருபுறம் இரண்டாயிரம் குதிரை வலுவுள்ள எந்திரம். அதன் முன்னே சேற்றில் கால் பதித்து நடக்கும் யானை! போர் முடிந்தபின் விமானங்களும் போயின; யானைகளும் போயின; ஓடுபாதை மாத்திரம் எஞ்சிற்று.

அதே போர்தான் பெங்களூரில் வேறொன்றை விட்டுச் சென்றது. 1940 டிசெம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசின் துணையோடு, இந்துஸ்தான் விமானக் கம்பெனியைப் பெங்களூரில் தொடங்கினார். இயந்திரங்களையும் ஆலோசனையையும் தந்தவர் வில்லியம் போலி என்ற அமெரிக்கர். 1942 இல் இந்திய அரசாங்கம் நிருவாகத்தை ஏற்றது. மறுவருடம் அமெரிக்க வான்படை அதனைப் பழுதுபார்க்கும் பெருங்களமாக ஆக்கிக்கொண்டது. குண்டுவீச்சு விமானங்களைக் கழற்றிப் பூட்டிய அக்கைகளே பின்னர் விமானம் அமைக்கும் கைகளாயின. பாலாவியிலும் பழுதுபார்த்தார்கள் என்பது மெய். ஆயின் வந்தவர்கள் பார்த்தார்கள், வந்தவர்களே சென்றார்கள். பெங்களூரில் ஊரவர் பயின்றார்கள். வேறுபாடு இதுவே என்பது என் கருத்து.

வி. எம். காட்கே என்பாரின் தலைமையில் வரையப்பட்ட எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951 இல் பறந்தது. 1964 ஒக்டோபர் 1 இல் இந்நிறுவனமும் வேறொன்றும் இணைந்து இன்றைய இந்துஸ்தான் ஏரோனாட்டிக்ஸ் நிறுவனம் ஆயிற்று. மிக் விமானங்களை நாசிக்கிலும், அவற்றின் எந்திரங்களைக் கோராபுட்டிலும் உரிமம் பெற்றுக் கட்டிய கதை நீளமானது. அதனை இங்கு விரித்தல் வேண்டா.

மாணவனின் வினாவுக்கு விடை கிடைக்குமிடம் மருத் என்னும் விமானம். வடமொழியில் மருத் என்பது காற்று. தமிழில் மாருதம் என்கின்றோம். ஜெர்மனியின் பொக்க-வுல்ப் 190 போர் விமானத்தை வரைந்த கூர்ட் டாங்க் என்பவர் 1956 இல் பெங்களூருக்கு வந்து, இந்தியப் பொறியியலாளருடன் அமர்ந்து இதனை வரைந்தார். 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் என்னும் விமானி இதனை முதன்முதலாக வானில் ஏற்றினார். ஒலியின் வேகத்தைப் போல் இருமடங்கு செல்லத்தக்கதாக வரையப்பட்ட அழகிய கூடு அது. அதனுள் வைக்க எண்ணிய எந்திரம் பிரிட்டிஷ் கம்பெனியொன்றின் ஓர்பியஸ் வகையில் மிகு வலுவுள்ள ஒன்று. அவ்வெந்திரத்தை உருவாக்கி முடிக்கப் பணம் வேண்டியிருந்தது, பிரித்தானிய அரசு கைவிட்டது, இந்தியாவும் கொடுக்கவில்லை. ஆகவே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4,850 இறாத்தல் உந்துவிசை தரும் சிறிய ஓர்பியஸ் எந்திரங்கள் இரண்டைப் பூட்டினர். விளைவு யாது? மருத் ஒலியின் வேகத்தைத் தொடுவதற்கே இடர்ப்பட்டது. எகிப்து நாட்டு எந்திரமொன்றையும் வைத்துப் பார்த்தனர், அதுவும் கைகூடவில்லை. எந்திரத்தைத் திருத்தும் சோதனைகளின்போது, 1970 ஜனவரியில், அதே சுரஞ்சன் தாஸ் மருத் விமானமொன்று வீழ்ந்து உயிர் துறந்தார். பெங்களூர்த் தொழிற்சாலையின் அயலில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 147 மருத்கள் கட்டப்பட்டன. 1971 போரில் அவை நன்றாகவே பணி செய்தன. 1990 இல் ஓய்வு பெற்றன. அப்பொழுது மிச்சப்படுத்திய பணம் எவ்வளவாயினும் அது சிக்கனமன்று என்பேன்.

எந்திரம் செய்வதில் அப்படி என்ன கடினம் என்று கேட்பீர்கள். தாரை எந்திரத்தின் சுழலித் தகடுகள் மீது பாயும் வாயுவின் வெப்பம், அத்தகடு ஆக்கப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்திலும் மேலானது. அவ்வாறாயின் அது ஏன் உருகுவதில்லை? காகிதக் கிண்ணத்தில் நீரூற்றி மெழுகுதிரியின் சுவாலையிற் பிடித்தால் நீர் கொதிக்கும், காகிதம் எரியாது. பாடசாலையில் நாமெல்லாம் செய்த பரிசோதனை இது. வெப்பத்தை நீர் உடனுக்குடன் கொண்டு செல்கின்றது. தகட்டின் உள்ளேயும் மயிரிழை போன்ற வழிகளை அமைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகின்றனர். அஃதன்றி, உலோகத்தில் மணிமணியாய்ப் பளிங்குகள் சேருமிடமே முதலில் பிளக்கும் ஆதலின், முழுத் தகட்டையும் ஒரே பளிங்காக வளர்த்தெடுக்கின்றனர். இதனை நூலிற் படிப்பது எளிது. எந்தச் சூளையில், எவ்வளவு மெதுவாக, எந்தக் கலவையை ஆறவிடுவது என்பதை எந்த நாடும் பிறிதொரு நாட்டுக்கு எளிதிற் சொல்லித் தருவதில்லை. இந்தியாவில் காவேரி என்ற பெயரில் ஓர் எந்திரத்தைச் செய்ய 1980களின் இறுதியில் முனைந்தனர். தேஜஸ் என்னும் புதிய போர் விமானத்துக்கென வகுக்கப்பட்ட அவ்வெந்திரம் வேண்டிய உந்துவிசையை எட்டவில்லை. ஆகவே 2001 ஜனவரி 4 இல் தேஜஸ் முதன்முதற் பறந்தபோது அதனைத் தூக்கியது அமெரிக்க எந்திரம். 2020 மே 27 இல் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் 18 ஆம் படைப்பிரிவு பணி தொடங்கியபோதும் அவ்வாறே. மருத்தின் ஊழ் முற்றாகத் தீர்ந்திலது.

போர் விமானம் என்ற சொல்லை எம்மவர் பலர் ஆறுதலாகக் கேட்க இயலாது என்பதை யான் மறந்தேனல்லேன். 1990 இல் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரைகளில் வந்து குடியேறியோரும், வடக்கிலேயே தங்கிப் பதுங்கு குழிகளில் இரவு கழித்தோரும் வானில் ஓசை எழுந்தால் அண்ணாந்து பார்க்குமுன் பிள்ளைகளைத் தேடியவர்கள். கற்பிட்டியில் எம் வான்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களமும் உளது. ஆகவே இத்தொழிற்சாலையின் மற்றைய பாதியைப் பற்றிச் சொல்லும்போதே என் எழுதுகோல் சற்று எளிதாக ஓடுகின்றது.

அம்மற்றைய பாதி விண்வெளிப் பிரிவு. விமானக் கூட்டுக்கு அலுமினியக் கலப்புலோகத்தை வளைத்துத் தறைந்த திறமையே றொக்கெற்றின் எரிபொருட் தாங்கிகளுக்கும், படிநிலைகளை இணைக்கும் வளையங்களுக்கும், வெப்பக் கவசங்களுக்கும் பயன்பட்டது. 2014 டிசெம்பர் 18 இல் மனிதர் செல்லத்தக்க கூடொன்றை ஆளின்றி விண்ணுக்கு அனுப்பி வங்காள விரிகுடாவில் இறக்கினார்கள் அன்றோ? அக்கூட்டின் உடலை அமைத்தது இப்பிரிவே. 2022 செப்டெம்பரில் கடுங்குளிர்த் திரவங்களால் இயங்கும் றொக்கெற் எந்திரங்களைச் செய்வதற்கான ஆலையும் பெங்களூரில் திறக்கப்பட்டது. விமான எந்திரத்தில் எட்டாத கை றொக்கெற் எந்திரத்தில் எட்டியது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் றொக்கெற் எந்திரம் சில நிமிடம் எரிந்து கடலில் வீழ்ந்துவிடும். போர் விமானத்தின் எந்திரமோ ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டும். பட்டாசும் குத்துவிளக்கும் போன்ற வேறுபாடு.

2025 ஜூனில் மேலுமொரு செய்தி வந்தது. எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய றொக்கெற்றைக் கட்டும் முழு நுட்பத்தையும் 511 கோடி இந்திய ரூபாவுக்கு இந்நிறுவனம் ஏலத்தில் வென்றது. 34 மீற்றர் உயரமும் 120 தொன் எடையுமுள்ள அது, 500 கிலோகிராம் வரையிலான செய்மதியை 500 கிலோமீற்றர் உயரத்தில் விடவல்லது. 2022 ஓகஸ்ட் 7 இல் நிகழ்ந்த முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் படிநிலை பிரிகையில் எழுந்த அதிர்வால் வேகமாற்றத்தை அளக்கும் கருவிகள் கணநேரம் திணற, அவை பழுதாயின எனக் கணினி தவறாக முடிவு செய்தது. செய்மதிகள் தாழ்ந்த பாதையில் விடப்பட்டு அழிந்தன. 2023 பெப்ரவரியிலும் 2024 ஓகஸ்டிலும் அது வெற்றி கண்டது.

இச்சிறிய றொக்கெற்றுக்கும் எம் தீவுக்கும் ஒரு தொடர்புண்டு. துருவங்களின் மேலாகச் சுற்றும் செய்மதியை ஏற்ற வேண்டுமாயின் தெற்கு நோக்கி ஏவுதல் வேண்டும். சிறீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நோக்கினால் எதிரே நிற்பது இலங்கை! எரிந்து கழிந்த பாகங்கள் மக்கள் தலையில் வீழலாகாது. ஆதலால் றொக்கெற் முதலில் தென்கிழக்கே சென்று, எம் தீவைக் கடந்தபின் தெற்கே திரும்புகின்றது. எதிர்க்காற்றில் பாய்மரத் தோணி வளைந்து வளைந்து செல்வதை எம் மீனவர் அறிவர். வழியும் நீளும், நேரமும் போகும். றொக்கெற்றுக்கு அவ்வளைவின் விலை எரிபொருள். பெரிய றொக்கெற் இவ்விலையைத் தாங்கும். சிறியதோ சுமக்க வேண்டிய சுமையையே பெரும்பாலும் இழந்துவிடும்.

இதனாலேயே தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் ஏதுமில்லை. அவ்வூர் எமக்கு நேர் மேற்கே, மன்னார்க் குடாவின் மறுகரையில் உள்ளது. ஏவும் நாட்களில் கடலோடிகளுக்கு எச்சரிக்கை விடுத்துச் சில கடற்பரப்புகளை விலக்குவது எங்கும் உள்ள வழக்கம். ஆழ்கடலுக்குச் செல்லும் எம்மவர் அவ்வறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் உரிய காலத்திற் பெறுவதற்கு வழி செய்ய வேண்டியவர் யார் என்பதை இப்பொழுதே கேட்டுவைத்தல் நன்று. படகு புறப்பட்டபின் வரும் அறிவித்தலால் பயனில்லை.

இனி மாணவருக்கு ஒரு கணக்கு. கண்டக்குழியிலிருந்து குலசேகரப்பட்டினம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். பூமி உருண்டையாதலின் ஏவுதளம் எம் கண்ணுக்குத் தென்படாது. தூரத்தின் வர்க்கத்தை ஆரையின் இருமடங்கால் வகுத்தால், அடிவானுக்கு மேல் தோன்றுவதற்கு றொக்கெற் எழவேண்டிய உயரம் கிடைக்கும். 180 இன் வர்க்கம் 32,400. அதனை 12,742 ஆல் வகுக்க, ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர். இருட்டிய பின் ஏவினால், கடற்புகார் இல்லாத நாளில், மேற்கே நீரின் விளிம்பிலிருந்து ஒரு சுடர் மேலெழுந்து தெற்கே சாய்வதை இக்கரையில் நின்றே காணலாம். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் வீதம் வருமாயின் எம்மை அடைய ஏறத்தாழ ஒன்பது நிமிடமாகும். அத்துணைத் தூரம் கடந்து அது காதில் விழுமென்று நம்புதற்கில்லை. சோளகம் வீசும் காலமாயின் அலையோசையே கேட்கும்.