தொண்டு செய்த இளைஞர்



தொண்டு என்றதும் செல்வர் வழங்கும் கொடையும் பெரியோர் நடத்தும் அன்னதானமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பொருளும் பதவியும் இல்லாத இளையோர் என்ன தொண்டு செய்ய இயலும் என்று நீங்கள் எண்ணலாம். அதற்கு விடையாக அமைந்தது வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்பவரின் வாழ்க்கை.

ஸ்மித் 1854ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள தர்சோ என்னும் ஊரின் அருகே பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், கிளாஸ்கோ நகரில் வாணிகம் செய்துவந்த உறவினரிடம் சென்று சேர்ந்தார். வேலை நாள்களில் கடையில் உழைத்தார். ஓய்வு நேரத்தை இரண்டு பணிகளுக்கு ஒதுக்கினார். தொண்டர் படை ஒன்றில் சேர்ந்து அணிவகுப்புப் பயிற்சி பெற்றார். ஞாயிறுதோறும் தம் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் ஊதியமின்றிச் சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்தார்.

கிளாஸ்கோ அந்நாளில் ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் நிறைந்த தொழில் நகரம். பதின்மூன்று வயதானதும் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற சிறுவர் பலர். தாங்கள் இனிச் சிறுபிள்ளைகள் அல்லர் என்று அவர்கள் எண்ணினர். ஞாயிறு பள்ளியில் அமர்ந்து பாடம் கேட்க அவர்களுக்குப் பொறுமையில்லை. வகுப்பில் கூச்சலும் குறும்பும் மிகுந்தன. ஆலைக்கும் தெருவுக்கும் இடையே வழிகாட்டுவார் இன்றி வளரும் சிறுவனின் எதிர்காலம் என்னாகும்?

அவர்களைக் கடிந்து விரட்டுவது ஸ்மித்துக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ காரணத்தைத் தேடினார். அணிவகுப்புத் திடலில் இளைஞர்கள் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்பதை அவர் கண்டிருந்தார். அங்கு ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு கடமை உண்டு. அதனால் ஒரு பெருமிதமும் உண்டு. குறை சிறுவர்களிடம் இல்லை, அவர்களுக்கேற்ற பணியை வழங்காததே குறை என்று அவர் உணர்ந்தார்.

1883ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நண்பர் இருவர் துணையுடன், தேவாலயத்தைச் சார்ந்த மண்டபத்தில் பாய்ஸ் பிரிகேட் என்னும் சிறுவர் படையணியை அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டே. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை உள்ள சிறுவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அணிவகுப்பு, உடற்பயிற்சி, விவிலியப் பாடம் ஆகியவை ஒழுங்காக நடைபெற்றன. நங்கூரம் அதன் சின்னமாயிற்று. ஸ்மித் பின்னர் வாணிகத்தையும் துறந்து, 1914இல் மறையும் வரை அப்பணியிலேயே ஈடுபட்டார்.

ஓர் ஊரில் விதைத்த விதை பல நாடுகளில் மரமாயிற்று. 1907இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமில் இப்படையணியின் சிறுவர்களும் கலந்துகொண்டனர். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1930ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிரேசர் என்னும் கட்டடக் கலைஞர், பிரின்செப் தெருத் தேவாலயத்தில் முதல் அணியை அமைத்தார். அங்குள்ள அணியினர் 1988ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்வழி, ஆண்டிறுதியில் வறியோருக்கு உணவுப் பொருள்களும் பரிசுகளும் திரட்டி வழங்கி வருகின்றனர். வழிகாட்டப்பட வேண்டியவர் என்று கருதப்பட்ட சிறுவரின் வழிவந்தோர், இன்று பிறருக்குத் துணை நிற்பதைக் காண்க.

மாணவர்களே, தொண்டு நெறி நமக்கும் புதியதன்று. திருநாவுக்கரசர் உழவாரப் படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கியதை நாம் அறிவோம். நம் ஊரிலும் கோயில், தேவாலயம், மசூதி, பொது மண்டபம் எங்கும் செய்வதற்குப் பணி உண்டு. திருவிழா முடிந்த பின் கிடக்கும் குப்பைகளை அகற்றலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் சிறு தம்பிக்கும் தங்கைக்கும் கற்றுத் தரலாம். கோத்தோங் ரோயோங் நாளில் பெற்றோருடன் சென்று கால்வாய் ஓரத்தைத் தூய்மை செய்யலாம்.

ஒரு நாள் ஆர்வம் எல்லார்க்கும் எளிது. வாரந்தோறும் குறித்த நேரத்தில் சென்று கடமையாற்றுவதே அரிது. உங்கள் வகுப்பில் குறும்பு செய்யும் நண்பன் ஒருவன் இருந்தால் அவனை ஒதுக்காதீர்கள். அடுத்த முறை தொண்டுக்குச் செல்லும்போது அவனையும் அழைத்துச் செல்லுங்கள். அவன் கையிலும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஸ்மித்தின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.