ஊலாங் தேயிலை: எந்த ஊலாங் என்று கேளுங்கள்

சீனத் தேயிலை கேட்டு வருகிறவர்கள் நம் கடைகளுக்கும் வரத் தொடங்கிவிட்டார்கள். அரிசி கேட்டு வருகிறவரிடம் பச்சரிசியா, புழுங்கலா என்று கேட்காமல் நாம் எடை போடுவதில்லை. ஊலாங்கும் அப்படித்தான். பெயர் ஒன்று, சரக்கு பல.

பச்சைத் தேயிலையில், பறித்த இலைக்குச் சீக்கிரமே சூடு காட்டி நிறம் மாறாமல் நிறுத்திவிடுவார்கள். நாம் விற்கும் டீத்தூளில் இலை காற்றுப்பட்டு முழுவதும் சிவந்துவிடும். ஊலாங் இரண்டுக்கும் நடுவே நிற்பது. இலையை வாடவிட்டு, ஓரம் கசங்கும்படி குலுக்கி, பாதியில் சூடு காட்டி நிறுத்துகிறார்கள். எங்கே நிறுத்தினார்கள், பிறகு எவ்வளவு வறுத்தார்கள் என்பதைப் பொறுத்துச் சுவை மாறும்.

ஃபூஜியன் மாகாணத்து அன்ஷி வட்டாரத்தில் விளைவது தியே குவான்யின். குண்டுமணி போல உருட்டிய இலை. இன்று அதிகம் வருவது வறுக்காத பச்சை வகை. வெளிர் மஞ்சள் சாறு, பூ வாசனை. அதே பெயரில் வறுத்த பழைய வகையும் உண்டு. அதே மாகாணத்தின் வடக்கே வூயி மலை. அங்கு விளைவதைப் பாறைத் தேயிலை என்பார்கள். டா ஹோங் பாவ் இதில் பேர்பெற்றது. நீளமாக முறுக்கிய கரிய இலை, வறுத்த மணம், நாக்கில் நெடுநேரம் நிற்கும் சுவை. குவாங்டோங் மாகாணத்து ஃபெங்ஹுவாங் மலையின் டான்சோங்கில் தேன், பழம், பூ என்று வகைக்கொரு வாசனை. எசன்ஸ் எதுவும் சேர்க்காமலே வருவது அது.

எசன்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'பால் ஊலாங்' என்று விற்கிறார்களே, அதன் அசல் தைவானில் 1981இல் வெளியிட்ட ஜின் ஷுவான் என்ற செடியின் இலை. பால் வாசனை அதில் இலேசாகத்தான் இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததுமே பால்கோவா போல மூக்கைத் துளைத்தால் சந்தேகப்படுங்கள். 5 கிராம் இலைக்குச் சுமார் 100 மில்லி கொதிநீர் ஊற்றி, அதே இலையில் மூன்று நான்கு முறை சாறு இறக்கிப் பாருங்கள். ஏற்றிய வாசனை சீக்கிரம் ஓடிவிடும். நல்ல இலை நான்காம் முறையும் பேசும்.

இனி என் கைநஷ்டம். பச்சை வகைத் தியே குவான்யின் ஐந்து கிலோ வாங்கினேன். பாக்கெட்டுகளைப் பிரித்து, பெரிய தகர டின்னில் கொட்டி, சீரக மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நாளுக்குப் பத்து முறை மூடி திறந்தது. மூன்று மாதத்தில் பூ வாசனை போய்ச் சீரக வாசனை வந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் ஆசிரியர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். பணத்தை விட அதுதான் உறைத்தது.

அதே அலமாரியில் இருந்த வூயி சரக்கு கெடவில்லை. நன்றாக வறுத்த இலை ஓராண்டுக்கு மேலும் தாங்கும். பச்சை வகையைக் காற்றெடுத்த சிறு பாக்கெட்டுகளாகவே வாங்கி, பிரிக்காமல் குளிர்ந்த இடத்தில் வைத்து விற்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை.