மஞ்சப்பையில் போன டப்பாக்கள்

கோடம்பாக்கம் ஸ்டேஷன் படியில் பாதியிலேயே என் மகள் உட்கார்ந்துவிட்டாள். அடம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஏழு வயது. எழுந்திருக்கத் தொடையில் கையை ஊன்றினாள். அப்போதுதான் உறைத்தது. இமையில் ஊதா நிறம், விரல் முட்டிகளில் சிவந்த தடிப்பு வேறு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பெயர் சொன்னார்கள்: ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ். எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்கும் நோய்.

'தசைதானே, சத்து கொடுத்தால் தேறிடும்' என்று ஆளுக்கொரு டப்பா வந்தது. ஜிம்முக்குப் போகும் தம்பி கிரியாட்டின் வாங்கி வந்தான். எதிர் வீட்டு அக்கா ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி கொடுத்தார். எல்லாவற்றையும் மஞ்சப்பையில் அள்ளிப்போய் டாக்டர் மேஜையில் கொட்டினேன். நான் செய்த உருப்படியான காரியம் அது.

ஸ்பைருலினாவை முதலில் ஒதுக்கினார் டாக்டர். எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் மருந்தே; அதைக் கிளறிவிடும் பொருள் எதற்கு? அதைச் சாப்பிட்டு இந்த நோய் கிளம்பியதாக மருத்துவ இதழ்களில் பதிவும் உண்டாம். கிரியாட்டினை பிரேசிலிலும் கனடாவிலும் இதே நோயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய தொந்தரவில்லை, பலம் கூடியதாகவும் தெரியவில்லை. தம்பியே குடிக்கட்டும் என்றேன். இவளை மறுபடி படி ஏற வைத்தது மருந்தும் பிசியோதெரபியும்தான்.

எழுதிக் கொடுத்த சத்தெல்லாம் சாதாரணமானவை. இவள் சாப்பிடும் ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும், வெயிலும் இவளுக்கு ஆகாது. அதனால் கால்சியமும் வைட்டமின் டியும். டி பாக்கெட் ஒன்றில் 60,000 யூனிட். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகக் கொடுத்தால் விபரீதம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டும் வாரம் ஒருமுறைதான். அது இல்லாத நாளில் ஃபோலிக் அமிலம். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், என் ஞாபகத்தை நம்பாமல்.

"தோலுக்கடியில சுண்ணாம்பு கட்டுமாமே, கேழ்வரகை நிறுத்தும்மா" என்றார் மாமியார். இந்த நோயில் கட்டுவது உண்மை. ஆனால் அது தட்டிலிருந்து வருவதில்லை. அடங்காத அழற்சியால் வருவது. கூழ் தொடர்ந்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, எந்த டப்பாவும் இல்லாமல்.

ஸ்டீராய்டு பசி பொல்லாதது. ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பிச் சோறு கேட்பாள். அவித்த சுண்டலும் முட்டையும் தயாராக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொன்னதால் ஊறுகாயும் அப்பளமும் வீட்டுக்குள் வருவதில்லை. அந்த அப்பளத்துக்காக எங்களுக்குள் நடந்த சண்டையை எழுதினால் அது தனிக் கட்டுரை.