பிரசவ அறையில் ஒரு துணை: நம் மஹல்லா கேட்க வேண்டியது என்ன?



கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், ஊட்டச்சத்துப் பெட்டகம், 108 ஆம்புலன்ஸ் என்று பல உதவிகள் இன்று கிடைக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலி எடுத்துப் பிரசவ அறைக்குள் போன பிறகு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது யார்? இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

டூலா என்பவர் யார்?

'டூலா' என்பது கிரேக்கச் சொல். பணிவிடை செய்யும் பெண் என்று பொருள். வலி தொடங்கியது முதல் குழந்தை பிறந்து தாய்ப்பால் குடிக்கும் வரை தாயின் கூடவே இருக்கும் பயிற்சி பெற்ற பெண்ணை இன்று இப்படி அழைக்கிறார்கள். இடுப்பைத் தேய்த்துவிடுவார், நடக்க, உட்கார, திரும்பிப் படுக்க உதவுவார், தண்ணீர் கொடுப்பார், நர்ஸ் சொல்வதை விளக்கிச் சொல்வார், பயம் வரும்போது தைரியம் சொல்வார். இவர் மருத்துவச்சி அல்லர். பரிசோதனை செய்வதும் மருந்து கொடுப்பதும் பிரசவம் பார்ப்பதும் இவர் வேலை இல்லை.

பெயர்தான் நமக்குப் புதிது. வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று நான்கு பேர் சுற்றி இருப்பார்கள். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இது 99.6 சதவீதம். இதனால் எத்தனையோ தாய்மார்களின் உயிர் காப்பாற்றப்படுகிறது. பழையபடி வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்ட அந்தத் துணையை உள்ளே அழைத்து வர வேண்டும் என்பதே கோரிக்கை.

துணை இருந்தால் என்ன பயன்?

17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் காக்ரேன் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகமாகவும், வலி நேரம் குறைவாகவும் இருந்தது. சிசேரியன் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒருவர் துணை இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் 100-க்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்று டாக்டர் சொல்லும்போது சிசேரியனுக்குத் தயங்கக் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனியாக இருந்ததைத் திருக்குர்ஆனின் 19-ஆவது அத்தியாயம் சொல்கிறது. அப்போது அவர்களுக்கு முதலில் கிடைத்தது, கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல். பிறகு குடிக்க நீர், உண்ணப் பேரீச்சம்பழம். வலியில் இருக்கும் பெண்ணுக்கு ஆறுதலும் தண்ணீரும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. 2016 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகமும் நாடு முழுவதும் இதை அனுமதித்தது. அதன் நிபந்தனைகள் எளிமையானவை. துணை வருபவர் உறவுக்காரப் பெண்ணாக, பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை அணிய வேண்டும். கடைசி வரை கூடவே இருக்க வேண்டும். ஊழியர்களின் வேலையில் தலையிடக் கூடாது. அறையில் தனித்தனி மறைப்பு இருந்தால் கணவரையும் அனுமதிக்கலாம்.

இதில் 'உறவுக்காரப் பெண்' என்ற இடத்தில்தான் சிக்கல். பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் கட்டட வேலைக்கும் தையல் வேலைக்கும் வந்த வடமாநிலக் குடும்பங்களை நாம் அறிவோம். அந்தப் பெண்ணின் அம்மா பீகாரிலோ வங்காளத்திலோ இருப்பார். கணவர் வாசலில் நிற்பார். உள்ளே பேசும் தமிழ் அவளுக்குப் புரியாது. தாயை இழந்தவர்களும், வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்தவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். காசு கொடுத்து டூலா வைத்துக்கொள்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். துணை அதிகம் தேவைப்படும் இவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நாம் கேட்பது

முதலாவது, உறவினர் இல்லாத பெண் தானே தேர்ந்தெடுக்கும் பயிற்சி பெற்ற பெண்ணையும் துணையாக ஏற்க வேண்டும். இரண்டாவது, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூலம் இதற்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் உதவித்தொகையும் தர வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு பிரசவக் கட்டிலுக்கும் ஒரு திரை, பக்கத்தில் ஒரு ஸ்டூல் வேண்டும். திரை இல்லாத அறையில் துணையை அனுமதித்தால் பக்கத்துக் கட்டில் பெண்ணின் மானம் பாதிக்கப்படும்.

இந்த வேலைக்கு ஏற்றவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். உர்தூவும் தமிழும் பேசும் நடுத்தர வயதுச் சகோதரிகள் இந்தி பேசும் பெண்ணுக்கும் நர்ஸுக்கும் நடுவே பாலமாக இருக்க முடியும். அந்தப் பெண் எந்த மதத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டாரின் உரிமை அவருக்கு உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளும் பெண்கள் குழுக்களும் திரு.வி.க. நகர் மண்டல அலுவலகத்துக்கும், வார்டு கவுன்சிலருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் இந்த மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கலாம். கடிதத்தில் ஊழியர்களைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே நர்ஸ் பல தாய்மார்களைப் பார்க்கும் இடத்தில் துணை என்பவர் அவருக்கும் உதவிதான்.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியது

ஏழாம் மாதத்திலேயே துணை யார் என்று முடிவு செய்யுங்கள். மாமியாரா அம்மாவா என்பதைக் கர்ப்பிணியே சொல்லட்டும். அவரையும் ஒருமுறை செக்கப்புக்கு அழைத்துப் போய், பிரசவ அறையில் துணை அனுமதி உண்டா என்று கேளுங்கள். அவருக்குக் காய்ச்சல், இருமல் வந்தால் போக வேறொருவரையும் முடிவு செய்து வையுங்கள். உங்கள் தெருவில் உறவு இல்லாத கர்ப்பிணி இருந்தால், பெண்கள் போய் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

எந்தத் தாயும் அந்த நேரத்தில் தனியாக இல்லாதிருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.